கீமோவுக்குப் பிறகு ஈரலில் இரண்டு புள்ளிகளைக் காணவில்லை: பிறகும் எதற்கு எம்ஆர்ஐ?

உவர்மலையான் – ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஒரு குழப்பம்.

அப்பாவுக்கு 64 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன வருடம் மலத்தோடு இரத்தம் போக, மூலம் என்று நினைத்து ஐந்து மாதம் கைவைத்தியத்திலேயே போய்விட்டது. கடைசியில் பெருங்குடலில் புற்று என்று தெரிந்தது. சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஈரலிலும் நான்கு புள்ளிகள். பெரியது 3.5 சென்டிமீட்டர், அடுத்தது 1.8, மற்ற இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள். குடலில் இருந்ததை முதலில் வெட்டி எடுத்தார்கள். பிறகு ஒக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ எட்டுத் தரம். ஒவ்வொரு தரமும் மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். பச்சைத் தண்ணீரில் கை பட்டாலே ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்பார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுத் தா, அங்கேயே குளித்துக்கொண்டு இருக்கிறேன் என்று பகிடி வேறு.

போன கிழமை திரும்ப எடுத்த சிடியில் பெரியது 2.1 ஆகச் சுருங்கியிருக்கிறது, அடுத்தது 1.1. சின்னவை இரண்டும் தென்படவில்லை என்று ரிப்போட். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றும் ஒரு வரி இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அம்மா அன்று மாலையே பத்திரகாளி அம்மன் கோவிலில் நான்கு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

கொழும்பில் ஈரல் சத்திரசிகிச்சை டொக்டரிடம் ரிப்போட்டை நீட்டினால், மனுஷன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "முதல் எடுத்த சிடி எங்கே?" என்றார். பையைத் துழாவி சிடி தட்டை எடுத்துக் கொடுத்தேன். "இது போன கிழமையது. கீமோவுக்கு முந்தின சிடியைக் கேட்கிறேன்" என்றார். அதில் கடதாசி ரிப்போட் மட்டும்தான் என்னிடம் இருந்தது, அதிலும் ஒரு மூலை இல்லை. (திருமலை பஸ் நிலையத்தில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தால் என்ன நடக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே திரியும் மான் ஒன்று உறையோடு சேர்த்துச் சப்பியிருந்தது.)

ஈரலுக்கென்றே உள்ள ஒரு டை (படத்தில் வித்தியாசம் காட்டும் மருந்து) ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். பெரிய காசு. திரும்பி வரும்போது ஹபரணையில் பஸ் நின்ற இடத்தில் அப்பா கேட்டார்: "காணாமல் போனதை ஏன்டா காசு குடுத்துத் தேடுவான்?" எனக்குப் பதில் வரவில்லை. உங்களில் யாருக்காவது வருகிறதா?

அலஸ்தோட்டம் அக்கா – ஞாயிறு, இரவு 9.40

தம்பி, அப்பா நன்றாக வருவார். எட்டுத் தரம் தாங்கிய மனுஷன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான், எனக்கும் அதுதான் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்ப்படக்காரன் – திங்கள், காலை 6.05

சாம்பல்தீவு என் ஊர். இப்போது வெளிநாட்டில் ஸ்கேன் பிரிவில் வேலை. படம் எடுப்பவன் நான், டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

உவர்மலையான், நீங்கள் கவனிக்காமல் விட்ட அந்த ஒரு வரியில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஓ.எல். விஞ்ஞானத்தில் ஈரல்வாயினாளம் என்று படித்திருப்போம். குடலில் இருந்து வரும் இரத்தமெல்லாம் அதன் வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகிறது. குடலில் இருந்து கழன்ற புற்றுக் கலங்களும் அதே வழியில் போய் முதல் தங்குமிடமாக ஈரலைப் பிடித்துக்கொள்கின்றன. சிடியில் நாங்கள் அயடீன் டை ஏற்றி, ஏறக்குறைய 70 வினாடி கழித்துப் படம் எடுப்போம். அந்த நேரத்தில் வாயினாளம் வழியாக டை வந்து நிறைந்து நல்ல ஈரல் வெளிச்சமாகத் தெரியும். குடல் புற்றின் புள்ளிகளுக்கு அந்த நாளத்தில் இருந்து இரத்தம் அதிகம் போவதில்லை, அதனால் அவை கறுப்பாகத் தெரியும். வெள்ளைப் பச்சரிசியில் கிடக்கும் எள்ளு மாதிரி.

கீமோ மருந்துகள் ஈரலைச் சும்மா விடுவதில்லை. 5-எஃப்யூ கொழுப்புப் படிய வைக்கும். இரினோடிகன் கொழுப்போடு அழற்சியும் கொண்டுவரும். கொழுப்புப் படிந்த ஈரல் சிடியில் தானே கறுத்துவிடும். இப்போது அதே எள்ளைக் குரக்கன் மாவுக்குள் போட்டுத் தேடச் சொன்னால்? புள்ளியும் மருந்தில் சுருங்கி, பின்புலமும் கறுத்தால், ரிப்போட் எழுதுபவர் தென்படவில்லை என்றுதான் எழுதுவார். அவர் கெட்டிக்காரர், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறார். நாங்கள்தான் அதை இல்லை என்று வாசிக்கிறோம்.

ஈரலுக்கான டை என்பது காடொக்செட்டிக் அசிட், பிரிமோவிஸ்ட் என்ற பெயரில் வருவது. சிடிக்குப் போடும் டை போல அயடீன் இல்லை. ஊசி போட்டு 20 நிமிடம் போல் காத்திருந்தால் நல்ல ஈரல் கலங்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாதியளவு பித்தத்தோடு வெளியேறும், மீதி சிறுநீரோடு. குடலில் இருந்து வந்த புற்றுக் கலம் ஈரல் கலம் இல்லை, அதனால் உறிஞ்சத் தெரியாது. வெளிச்சமான ஈரலில் கறுப்பு ஓட்டைபோல நிற்கும். அதோடு டிஃபியூஷன் என்று இன்னொரு வகைப் படமும் எடுப்பார்கள். தண்ணீர் அசைய இடமில்லாமல் கலங்கள் நெருக்கியடித்த இடம் அதில் பளிச்சென்று தெரியும். கொழுப்பு ஈரலில், ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பதைப் பிடிக்க இந்த இரண்டும் சேர்ந்தால் சிடியைவிட நன்றாகவே பிடிக்கும்.

கிண்ணியா மச்சான் – திங்கள், காலை 7.30

உம்மாவுக்கு இதே கதை. எங்களுக்கும் இதே கேள்வி வந்தது, நாங்கள் உங்கள் அப்பா சொன்ன முடிவையே எடுத்தோம்.

மூன்று புள்ளி இருந்தது, கீமோவுக்குப் பிறகு சிடியில் ஒன்று இல்லை. அப்போது பார்த்த இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தால் நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். நல்லது என்று சொன்னதை, கட்டாயமில்லை என்று எடுத்துக்கொண்டோம். தெரிந்த இரண்டையும் வெட்டினார்கள். எட்டு மாதத்தில் மூன்றாவது அதே இடத்தில் திரும்ப வந்தது. பக்கத்தில் இல்லை, தூரத்தில் இல்லை, அதே இடத்தில். இரண்டாவது தரம் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா இருக்கிறார். நான்கு வருடமாகிறது. ஆனால் அந்த இரண்டாவது ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட நாளை நான் மறக்கவில்லை.

மூலிகை மணி – திங்கள், காலை 10.15

இவ்வளவு விஷ மருந்து ஏற்றி ஈரலைக் கெடுத்துவிட்டு, கெட்ட ஈரலில் படம் தெரியவில்லை என்று இன்னொரு விஷ ஊசி. கீழாநெல்லியை அரைத்து மோரில் 48 நாள் கொடுங்கள். கொழுப்பும் போகும், புள்ளியும் போகும்.

பழைய மிஸ்ஸி – திங்கள், பகல் 1.20

32 வருடம் வாட்டில் நின்றவள், அதில் கடைசி ஒன்பது வருடம் புற்றுநோய் வாட்டு. மூலிகை மணி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு என் அம்மாவும் அரைத்துத் தந்தவர்தான், நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் கீமோ முடித்து, இரண்டு மாதத்துக்குள் ஈரலை வெட்டப் போகிற ஒருவருக்கு டொக்டருக்குத் தெரியாமல் எதையும் அரைத்துக் கொடுக்காதீர்கள். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் ஈரல் இரத்தப் பரிசோதனை ஏறிக்கிடக்கும், எதனால் என்று யாருக்கும் தெரியாது, திகதி தள்ளிப் போகும். இதை வாட்டில் நான் ஒன்றுக்கு மேற்பட்ட தரம் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடைசியில் நோயாளியே என் காதுக்குள் சொல்லுவார்.

உவர்மலையான் மகன், அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? சீனிக்கு மெட்ஃபோர்மின் குளிசை குடிப்பவர் என்றால் ஊசி போடும் இடத்தில் சொல்லுங்கள். உடம்புக்குள் இரும்பு, பேஸ்மேக்கர், பழைய ஷெல் துண்டு ஏதும் இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இந்தக் கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை – திங்கள், இரவு 8.48

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். கிண்ணியா மச்சானின் உம்மாவுக்கு நடந்தது ஒருவரின் கதை. எல்லோருக்கும் அப்படி நடக்குமா? கீமோவால் உண்மையாகவே அழிந்துபோன புள்ளிகள் இல்லையா? அப்படி அழிந்த இடத்தையும் வெட்டினால் நல்ல ஈரலைத்தானே வீணாக வெட்டுகிறோம்? எண் இருந்தால் சொல்லுங்கள்.

கதிர்ப்படக்காரன் – செவ்வாய், காலை 5.50

எண் இருக்கிறது. 2006ல் பிரான்சில் இருந்து வந்த ஒரு ஆய்வு. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 38 நோயாளிகள், கீமோவுக்குப் பிறகு சிடியில் மறைந்த புள்ளிகள் 66. வயிற்றைத் திறந்து பார்த்தபோது அதில் 20 கண்ணுக்கும் கைக்குமே அகப்பட்டுவிட்டன. 15 இடங்களை ஒன்றும் தெரியாமலே பழைய படத்தை வைத்து வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். 12ல் உயிருள்ள புற்றுக் கலங்கள். மிச்சம் 31 இடங்களை வெட்டாமல் விட்டார்கள். ஒரு வருடத்துக்குள் 23 திரும்ப வந்தன. கூட்டிப் பாருங்கள், 66ல் 55. நூற்றுக்கு 83.

அதே நேரம் கணக்குப்பிள்ளை கேட்டதும் வெறும் வாதம் இல்லை. அந்த 83 சிடியில் மறைந்தவற்றுக்கான கணக்கு. ஈரல் டை போட்ட எம்ஆர்ஐயிலும் டிஃபியூஷனிலும் சேர்த்து மறைந்தவை என்று எடுத்தால், உண்மையிலேயே அழிந்திருக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. அதனால்தான் டொக்டர் எம்ஆர்ஐ கேட்கிறார். அவருக்கு அது வெட்டுவதற்கான சாட்டு இல்லை. எதை வெட்டலாம், எதை விட்டுப் பார்க்கலாம் என்று பிரிப்பதற்கு அதுதான் வழி.

நல்ல ஈரல் வீணாகிறது என்ற கவலையும் சரிதான், அது அவருக்கு உங்களைவிட அதிகமாகவே இருக்கும். ஈரல் திரும்ப வளரும், ஆனால் வளரும்வரை தாங்க ஒரு அளவு மிஞ்ச வேண்டும். நல்ல ஈரலில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும் என்பார்கள். நிறையக் கீமோ ஏறிய ஈரலில் நூற்றுக்கு 30 ஆவது வேண்டும். அந்த அளவையும் சிடி படத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை – செவ்வாய், காலை 8.02

சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் இன்னும் நாலு கீமோ ஏற்றி நாலையும் மறைய வைத்துவிட்டு, ஒப்பரேஷனே இல்லாமல் விட்டால் என்ன?

பழைய மிஸ்ஸி – செவ்வாய், பகல் 12.35

அதற்குத்தான் தம்பி, டொக்டர்மார் பயப்படுகிறார்கள். ஒக்ஸாலிபிளாட்டின் கூடக்கூட ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய இரத்த வழிகள் சேதமாகி ஈரல் நீலம் பாரித்துப் போகும். ஒப்பரேஷன் தியேட்டரில் அதை நீல ஈரல் என்றே சொல்வார்கள், அந்த ஈரலை வெட்டினால் இரத்தம் கூடப் போகும். மண்ணீரலும் வீங்கும். ஒப்பரேஷன் செய்யக்கூடிய நிலைக்கு வந்தவுடன் கீமோவை நிறுத்தி, நாலு, ஆறு கிழமை இடைவெளி விட்டு வெட்டுவார்கள். முழுவதும் மறையும் வரை ஏற்றிக்கொண்டு போனால், வெட்டப் போகிறவருக்கு இடமும் தெரியாது, வெட்டத் தக்க ஈரலும் இருக்காது.

கதிர்ப்படக்காரன் – செவ்வாய், மாலை 6.10

மிஸ்ஸி சொன்ன நீல ஈரலில் ஒரு தொல்லை எங்களுக்கும் உண்டு. எம்ஆர்ஐயிலும் அந்த ஈரல் டையைச் சீராக உறிஞ்சாது, வலை பின்னியதுபோலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்போது டிஃபியூஷன் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐயும் தெய்வம் இல்லை.

பெரிய புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். அளவு குறைந்ததா என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்று அளக்கும், 2009ல் புதுக்கிய ரெசிஸ்ட் அளவுமுறைப்படி புள்ளிகளின் நீளங்களின் கூட்டுத்தொகை நூற்றுக்கு 30 குறைந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். ஆனால் கீமோவோடு பெவசிசுமாப் என்ற மருந்தையும் சேர்த்து ஏற்றியவர்களுக்கு அளவு அதிகம் மாறாமலே, ஓரம் கலங்கியிருந்த புள்ளி கோடு போட்டதுபோல் தெளிவாகி, உள்ளே ஒரே சீராகிவிடும். அதுவும் மருந்து கேட்ட அடையாளம்தான்.

அலஸ்தோட்டம் அக்கா – செவ்வாய், இரவு 7.25

என் மச்சாளின் கணவருக்கு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு முழுக்கத் தெரியும் என்றார்கள். அதையே எடுத்துவிட்டால் என்ன?

கதிர்ப்படக்காரன் – செவ்வாய், இரவு 9.00

ஈரலுக்கு வெளியே எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க அது நல்லது அக்கா. ஆனால் பெட் பார்ப்பது புற்று எவ்வளவு சீனியை இழுக்கிறது என்பதை. கீமோ முடிந்த கையோடு கலங்கள் அரை மயக்கத்தில் கிடக்கும், சீனி இழுக்காது. உயிர் இருக்கும், வெளிச்சம் இருக்காது. ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் இன்னும் மோசம். இந்தக் கேள்விக்கு அது பதில் தராது.

கிண்ணியா மச்சான் – புதன், காலை 6.45

இதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போன வருடம் உம்மாவின் ஸ்கேனில் புதிதாக ஒரு புள்ளி. வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை. பிறகு ஈரல் டை எம்ஆர்ஐ எடுத்தால், அது டையை நன்றாக உறிஞ்சி வெளிச்சமாக நிற்கிறது. புற்று என்றால் கறுப்பாக நிற்க வேண்டும். ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றி வருடங்கள் கழிந்த ஈரலில் இப்படித் தீங்கில்லாத முடிச்சுகள் வருவதுண்டாம், விட்டுவிடலாம் என்றார்கள். ஊசி குத்தி எடுக்கவும் தேவைப்படவில்லை. முதல் தரம் எடுக்காத எம்ஆர்ஐக்கு இதுதான் வட்டி.

உவர்மலையான் – புதன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. எள்ளும் குரக்கன் மாவும் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "சரி, தேடுங்கோ" என்றார்.

மிஸ்ஸி, சீனி இல்லை, கிரியேட்டினின் சரி. ஷெல் துண்டைப் பற்றிக் கேட்டதும் அப்பா இடது காலைத் தடவிப் பார்த்தார். 90ல் ஒரு காயம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், உள்ளே ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் நான் அதை நினைத்தே இருக்க மாட்டேன்.

முதல் சிடியைப் பற்றி: எடுத்த இடத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள் இல்லை என்றார்கள், இரண்டாம் நாள் வரச் சொன்ன ஆள் லீவு. மூன்றாம் நாள் ஒரு தங்கச்சி கணினியில் தேடி, இரண்டு நிமிடத்தில் தட்டில் ஏற்றித் தந்தார். வீட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றால் மடிக்கணினியில் தட்டுப் போடும் வாயே இல்லை.

உவர்மலையான் – 16 நாள் கழித்து, மாலை 5.30

எம்ஆர்ஐ முடிந்தது. இரவு ரயிலில் போய், காலையில் வெறும் வயிற்றோடு படுத்தார். 40 நிமிடம் போல் ஆனது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல் சிங்களத்தில் வந்தது: ஹுஸ்ம கன்ன, அல்லகன்ன. துறைமுகத்தில் 30 வருடம் இருந்தவருக்கு விளங்காமல் இருக்குமா? ஆனால் மூச்சை விடச் சொன்னது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லையாம். ஒரு தரம் அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

முடிவு: காணாமல் போன இரண்டில் ஒன்று இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர், வலது பக்கத்தில், பெரியதுக்குக் கிட்ட. 20 நிமிடப் படத்தில் கறுப்பு, டிஃபியூஷனில் வெளிச்சம். டொக்டர் பழைய சிடியைப் பக்கத்துத் திரையில் போட்டு, பேனா முனையால் இரண்டிலும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினார். மான் கடித்த ரிப்போட்டை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. மண்ணீரலும் கொஞ்சம் பெருத்திருக்கிறதாம்.

மற்றது எம்ஆர்ஐயிலும் தெரியவில்லை. இடது பக்கத்தில் ஆழத்தில், பெரிய நாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. வலது பக்கத்து மூன்றையும் எடுப்பார்கள். இடது பக்கத்தை வயிறு திறந்த பிறகு ஈரலின் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடுவார்கள். அகப்பட்டால் எடுப்பது, இல்லாவிட்டால் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். அம்மா இதைக் கேட்டு, "அப்ப நாலாவது தேங்காய் வீண் போகேல்லை" என்றார்.

கணக்குப்பிள்ளை – இரவு 7.15

இரண்டுக்கு ஒன்று. நான் சொன்னதும் பாதி சரி, நீங்கள் சொன்னதும் பாதி சரி என்று வைத்துக்கொள்வோம்.

கதிர்ப்படக்காரன் – இரவு 11.40

நல்ல திட்டம். தியேட்டருக்குப் போகும் நாளில் மூன்று படங்களும் அவர்களிடம் இருக்க வேண்டும்: முதல் சிடி, இரண்டாம் சிடி, எம்ஆர்ஐ. அனுப்பிவிட்டோம் என்று நம்பி இருக்காமல் தட்டுகளைக் கையில் கொண்டு போங்கள். மூன்றையும் இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?

உவர்மலையான் – மறுநாள், காலை 6.20

அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில், அலுமாரி பூட்டி, சாவி அவரிடம். வருகிற 14ஆம் திகதி அனுமதி. இந்த முறை வாகனம் பிடித்துப் போகிறோம், பஸ் நிலையத்தின் பக்கமே போகப் போவதில்லை.